நிலத்தை வாங்கியோரும் பேணியோரும்: ஆங்கில ஏரி மாவட்டம் தரும் ஒரு வரலாற்றுப் படிப்பினை

குளத்தை வெட்டிய மன்னனின் பெயரைக் கல்வெட்டு எமக்குக் கூறும். மாரி தொடங்குமுன் ஆண்டுதோறும் அக்குளத்தின் கட்டைத் திருத்திய ஊரவரின் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. ஆயினும் கட்டைத் திருத்துவோர் இரண்டு தலைமுறைக்கு இல்லாதொழிந்தால் குளமும் இல்லாதொழியும். எஞ்சுவது மன்னன் பெயர் பொறித்த கல் மாத்திரமே. தோற்றுவித்தோரைப் போற்றிப் பேணியோரை மறக்கும் இவ்வழக்கம் வரலாற்றெழுத்தின் பழைய குறைகளுள் ஒன்றாகும்.

இக்குறையைத் தெளிவாகக் காட்டும் ஒரு துறை நிலப் பாதுகாப்பின் வரலாறு. இலாப நோக்கமற்ற நிறுவனமொன்று மக்கள் பொருட்டு நிலத்தை வாங்கி என்றென்றும் காத்தல் என்னும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் சாள்ஸ் எலியற் என்பாரின் முயற்சியால் 1891ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டிலும் இத்தகைய நிறுவனங்கள் தோன்றின. இங்கிலாந்தில் தோன்றியதே நஷனல் ட்றஸ்ட் எனப்படும் தேசிய நம்பிக்கை நிதியம். இதன் வரலாற்றை எழுதுவோர் தாபகர் மூவரின் புகழையும், நன்கொடையாளரின் தாராளத்தையும், பாராளுமன்றச் சட்டங்களையும் விரித்துரைப்பர். நிலம் கைக்கு வந்தபின் அதனை நாடோறும் பேணியவர் யார், ஒரு பிராந்தியம் முழுவதற்கும் அப்பணியைத் தலைமையேற்று நடத்தியவர் எவ்வாறு நடத்தினார் என்னும் வினாக்கள் பெரிதும் கேட்கப்படுவதில்லை. இவ்வினாக்களை வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தேர்ள்மியரில் நேர்ந்த தோல்வி

ஏரி மாவட்டம் மலைகளும் நீள்வடிவ ஏரிகளும் செறிந்த பிரதேசம். உயர்நிலங்களில் வேலியற்ற பொது மேய்ச்சல் நிலமும், பள்ளத்தாக்குகளிற் சாந்தின்றி அடுக்கிய கல்மதில்கள் பிரிக்கும் சிறு வயல்களும் காணப்படும். வேட்ஸ்வேத் முதலிய கவிஞர்களாற் புகழ்பெற்ற இப்பிரதேசத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் உல்லாசப் பயணிகளும் செல்வரும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர்.

1870களின் இறுதியில் மான்செஸ்ரர் மாநகரசபை இங்குள்ள தேர்ள்மியர் ஏரிக்கு அணைகட்டித் தன் நகருக்கு நீர் கொண்டுசெல்லத் திட்டமிட்டது. இதனை எதிர்த்து ஒரு பாதுகாப்புச் சங்கம் எழுந்தது. ஏரியின் அழகு கெடும் என்பது சங்கத்தாரின் வாதம். பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த நகரத்துக்குத் தூய நீர் வேண்டும் என்பது மாநகரசபையின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1879ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் மாநகரசபைக்கு அதிகாரம் வழங்கியது. ஏரியின் நீர்மட்டம் உயர்த்தப்பட்டது. கரையோரக் குடியிருப்புக்கள் நீருள் மறைந்தன. 1894ஆம் ஆண்டில் ஏறத்தாழ 96 மைல் கடந்து தேர்ள்மியர் நீர் மான்செஸ்ரரை அடைந்தது.

இத்தோல்வி ஓர் உண்மையை உணர்த்திற்று. கட்டுரை எழுதியும் கூட்டம் கூட்டியும் மனுக் கொடுத்தும் நிலத்தைக் காத்தல் அரிது. நிலத்தின் உரிமை எவர் கையிலுள்ளதோ அவரே அதன் விதியை நிர்ணயிப்பர். 1883ஆம் ஆண்டில் ஏரி மாவட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவிய குருவானவர் ஹாட்விக் றோன்ஸ்லி (1851 - 1920) பின்னர் தேசிய நம்பிக்கை நிதியத்தின் தாபகருள் ஒருவரானமை தற்செயலன்று.

2. சட்டம் என்னும் வேலி

தாபகர் மூவருள் சட்ட அறிவை வழங்கியவர் சேர் றொபேட் ஹண்டர் (1844 - 1913). 1865ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் சட்டத்தரணியாக இவர் பல்லாண்டு பணியாற்றினார். நிலவுடைமையாளர் பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தமதாக்கிக்கொண்ட காலம் அது. ஹண்டரும் அவர்தம் தோழரும் நீதிமன்றத்திற் கையாண்ட வழி எளியது: அந்நிலத்தில் மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் பழைய உரிமையுடைய ஒரு குடியானவரைக் கண்டுபிடித்து அவர் பெயரில் வழக்கிடுதல். லண்டன் அருகிலுள்ள எப்பிங் வனம் இத்தகைய போராட்டத்தின் பயனாக 1878ஆம் ஆண்டிற் காக்கப்பட்டது.

ஆயின் இவ்வழியில் ஒரு பெருங்குறை இருந்தது. உரிமையுடைய குடியானவர் இல்லாதவிடத்து வழக்கும் இல்லை. மேலும், நிலத்தை மக்களுக்கு மனமுவந்து வழங்க ஒருவர் முன்வந்தாலும் அதனை ஏற்று நிலையாக வைத்திருக்கத் தகுதியான சட்ட நிறுவனம் இருக்கவில்லை. டெப்ற்ஃபோட் என்னுமிடத்திலிருந்த பழைய தோட்டமொன்றை அதன் உடைமையாளர் பொதுமக்களுக்கு வழங்க விரும்பியபோது இச்சிக்கல் வெளிப்பட்டது. தொழிலாளர் வீட்டு வசதிக்காக உழைத்த ஒக்ரேவியா ஹில் அம்மையார் (1838 - 1912) அம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். நிலத்தை உடைமையாகக் கொள்ளும் கூட்டுத்தாபனம் ஒன்று வேண்டுமென 1884ஆம் ஆண்டிலே ஹண்டர் பேர்மிங்ஹாமில் எடுத்துரைத்தார். பதினொரு ஆண்டுகள் கழிந்து, 1895 ஜனவரி 12ஆம் திகதி, இலாபம் பங்கிடாத ஒரு கம்பனியாகத் தேசிய நம்பிக்கை நிதியம் பதிவாயிற்று. அதன் முதல் உடைமை வேல்ஸ் நாட்டின் பார்மத் நகருக்கு மேலுள்ள நாலரை ஏக்கர் குன்றுச்சரிவு.

ஏரி மாவட்டத்தில் நிதியம் பெற்ற முதல் நிலம் டேர்வென்ற் ஏரிக்கரையிலுள்ள பிரண்டல்ஹவ் என்னும் 108 ஏக்கர் காடு. 1902ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,500 பவுண் பொதுமக்களிடம் திரட்டி இது வாங்கப்பட்டது. தன் வாழ்நாளில் அவ்வேரிகளைக் காணும் வாய்ப்பில்லாத தொழிற்சாலைத் தொழிலாளியொருவரும் தம் சிறுதொகையை அனுப்பினார் என்பது இவ்வரலாற்றின் மறக்கவொண்ணாச் செய்தி.

1907ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் அடுத்த படியாக அமைந்தது. நிதியம் தன் நிலத்தை ‘பராதீனப்படுத்த முடியாதது’ எனப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் வழங்கியது. அவ்வாறு பிரகடனஞ் செய்தபின் நிதியமே விரும்பினும் அதனை விற்றல் இயலாது. பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி அரசும் அதனை வலிந்து சுவீகரித்தல் இயலாது. இதனோடு வேலி முற்றுப்பெற்றது எனத் தாபகர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால், வேலி உடைமையைக் காக்குமேயன்றி நிலத்தைக் காப்பதில்லை. மதில் சரியும்; வாய்க்கால் தூரும்; கூரை ஒழுகும்; குடியானவர் ஊரைவிட்டகல்வர். இவற்றைச் சட்டத்தின் எப்பிரிவும் தடுக்க வல்லதன்று.

3. மங்க் கொனிஸ்ரன்: பிராந்தியத் தலைமையின் தோற்றம்

முதல் முப்பதாண்டுகளில் நிதியம் மிகச் சிறிய நிறுவனமாகவே இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அதன் அங்கத்தவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. நிலங்களை உள்ளூர்க் குழுக்கள் தொண்டாகப் பராமரித்தன. காட்சிமுனைகளும் காட்டுத் துண்டுகளும் உடைமையாக இருந்தவரை இது போதுமானதாயிற்று. பண்ணைகளும் மலைகளும் வந்து சேர்ந்தபோது நிலைமை மாறியது. 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அதியுயர் சிகரமான ஸ்கோபெல் பைக், முதலாம் உலகப் போரில் உயிர்நீத்தோர் நினைவாக நிதியத்துக்கு வழங்கப்பட்டது. 1923ஆம் ஆண்டில் மலையேறுவோர் கழகமொன்று அதே நோக்கத்துடன் கிறேற் கேபிள் முதலிய உயர்நிலங்களை வழங்கியது. 1920களின் இறுதியில், ‘ஆங்கிலச் சமூக வரலாறு’ என்னும் நூலின் ஆசிரியராக எம் மாணவர் அறிந்த ஜீ. எம். றெவெலியன், லாங்டேல் பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள பண்ணைகளை வாங்கி நிதியத்துக்கு அளித்தார். சமூக வரலாறு எழுதியவர் காட்சியை மாத்திரமன்றிப் பண்ணையையும் காக்கத் துணிந்தமை பொருத்தமே.

இவ்வேளையிலே பேற்றிக்ஸ் பொற்றர் அம்மையார் (1866 - 1943) அரங்கினுள் வருகிறார். பீற்றர் முயலின் கதையை எழுதிய சிறுவர் நூலாசிரியராகவே உலகம் இவரை அறியும். லண்டனிற் பிறந்த இவரது குடும்பச் செல்வம் வட இங்கிலாந்தின் பருத்தித் தொழிலிலிருந்து பெறப்பட்டது. தந்தைவழிப் பாட்டனார் துணி அச்சிடும் ஆலையின் அதிபர். தேர்ள்மியர் நீரைப் பருகிய மான்செஸ்ரர் பருத்தி வணிகத்தின் தலைநகர் என்பதை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். ஏரி மாவட்டத்தை அச்சுறுத்தியதும் ஆலை முதலாளித்துவம். அதனைக் காக்கப் பணம் வந்த வழிகளுள் ஒன்றும் அதுவே. இம்முரண்பாட்டை மறைத்து எழுதும் வரலாறு முழுமை பெறாது. எனினும் முதற் பண்ணையை இவர் 1905ஆம் ஆண்டில் வாங்கியது தம் நூல் வருவாயின் துணைகொண்டே என்பதையும் குறிப்பிடுதல் நியாயமாகும்.

1913ஆம் ஆண்டில் உள்ளூர்ச் சட்டத்தரணியான வில்லியம் ஹீலிஸை மணந்தபின் இவர் முழுநேரப் பண்ணையாளரானார். எந்தப் பண்ணை விலைக்கு வரப்போகிறது, எந்த உறுதியில் எந்த எல்லை பிழைபட்டுள்ளது என்பவற்றை அறிந்த கணவரின் துணை இவருக்குப் பெரும் பலமாயிற்று. 1923ஆம் ஆண்டில் வாங்கிய றவுற்பெக் பார்க் பண்ணையின் செம்மறிகள் ஈரற்புழு நோயால் நலிந்திருந்தன. தேர்ந்த மேய்ப்பர்களை அமர்த்தி அம்மந்தையை மீட்டெடுத்த அனுபவமே பின்னைய பெரும்பணிக்குப் பயிற்சியாக அமைந்தது.

1930ஆம் ஆண்டில் மங்க் கொனிஸ்ரன் என்னும் ஏறத்தாழ 4,000 ஏக்கர் பெருந்தோட்டம் விலைக்கு வந்தது. துண்டு துண்டாக விற்கப்பட்டால் கட்டட வணிகர் கைப்படும் என்னும் அச்சம் நிலவியது. நிதியத்திடம் உடனே கொடுக்கப் பணம் இருக்கவில்லை. அம்மையார் முழுவதையும் தாமே வாங்கி, ஏறத்தாழ அரைப்பங்கைத் தாம் வாங்கிய விலைக்கே நிதியத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். நிதியம் நன்கொடை திரட்டி அதனைப் பெற்றுக்கொண்டது. பெற்றபின் அதனை நிருவகிக்க ஆளில்லை. எனவே நிதியம் அவரையே வேண்டிக்கொண்டது. 1936ஆம் ஆண்டுவரை ஊதியமின்றி அவர் நிதியத்தின் பங்கையும் தம் பங்கையும் ஒருசேர நிருவகித்தார். இக்காலத்தில் அவர் வகித்த பொறுப்புக்குப் பெயர் இருக்கவில்லை. இன்றைய வழக்கிற் கூறின், இலாப நோக்கமற்ற நிறுவனமொன்றின் பிராந்திய நிலப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக அவர் விளங்கினார் எனலாம். அவருடைய குழு மேய்ப்பர், குத்தகையாளர், கல்மேசன், மரவேலையாளர் என்போராலானது.

அப்பணியின் இயல்பை அவர் நிதியத்தாருக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றிற் காட்சியழகு பற்றிய வருணனை அரிது. கூரைத் திருத்தம், வடிகால், வேலி, வாடகை, மரம் வெட்டுதல், உல்லாசப் பயணிகளின் தொல்லை என்பனவே அவற்றின் பொருள். மலைப்பண்ணையின் வருமானம் சிறிது. ஆதலின் வாடகையும் சிறிது. பழைய கல்வீட்டின் திருத்தச் செலவோ பெரிது. வாடகையை உயர்த்தினால் நல்ல குத்தகையாளர் நீங்குவர். திருத்தத்தைப் பிற்போட்டால் வீடு வீழும். இவ்விரண்டுக்குமிடையே நிதானித்து நடத்தலே நிருவாகியின் கலை.

இங்கே செம்மறி பற்றிச் சிறிது விளக்குதல் அவசியம். ஹேட்விக் என்னும் மலைச்செம்மறி வேலியற்ற உயர்நிலத்தில் மேய்வது. ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய மலைப்பகுதியை விட்டு அகலாது. தாயாட்டைப் பின்தொடரும் குட்டி அவ்வெல்லையைக் கற்றுக்கொள்ளும். இந்த அறிவு தலைமுறை தலைமுறையாகச் செல்வது. மந்தையை விற்றுவிட்டாற் புதிய ஆடுகள் எல்லையறியாது சிதறும். ஆதலால் மந்தையின் ஒரு பகுதி நிலத்தோடு சேர்ந்த உடைமையாகக் கொள்ளப்படும். குத்தகையாளர் பண்ணையை ஏற்கும்போது பொறுப்பேற்ற தொகையையும் தரத்தையும் நீங்கும்போது திருப்பியளித்தல் வேண்டும். எனவே பண்ணையைக் காத்தலென்பது மண்ணையும் கல்லையும் காத்தலாக மாத்திரம் அமையாது. ஆட்டின் நினைவையும் மேய்ப்பனின் அறிவையும் காத்தலுமாகும்.

மங்க் கொனிஸ்ரன் நிலத்திலுள்ள ரான் ஹவ்ஸ் என்னும் சிறு ஏரியும் இதே உண்மையை வேறு விதமாக உணர்த்தும். இயற்கையின் திருக்கோலம் எனப் பயணிகள் வியக்கும் இவ்வேரி, 1860களில் அக்காலப் பெருந்தோட்ட உடைமையாளரான மார்ஷல் என்பார் அணையிட்டுச் சிறு குட்டைகளை ஒன்றாக்கிப் படைத்தது. லீட்ஸ் நகரிற் சணல் நூற்கும் ஆலையாற் செல்வம் பெருக்கியது அவர் குடும்பம். மனித உழைப்பின் விளைவை இயற்கை என்று அழைத்து, உழைத்தவரை மறத்தல் எத்துணை எளிதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

4. தொண்டரும் முகவரும்

1930களில் நிதியம் ஏரி மாவட்டத்துக்கெனச் சம்பளம் பெறும் முகவரை நியமித்தது. புறூஸ் தொம்சன் என்னும் அவரே 1936ஆம் ஆண்டில் அம்மையாரிடமிருந்து பொறுப்பை ஏற்றார். அதன்பின் அம்மையார் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களிற் கண்டனம் மிகுந்தது. காடு பேணுவதிலும் திருத்தவேலைகளிலும் புதிய முகவருக்கு நிதானம் போதாதென அவர் குறைகூறினார்.

இதனை இருவரிடையே எழுந்த மனக்கசப்பாக மாத்திரம் காணுதல் வரலாற்று நோக்காகாது. இங்கே மோதியவை இரு முறைகள். அம்மையார் நிலத்தின் அரைப்பங்குக்கு உடைமையாளர். தம் பணத்திலிருந்து உடனே செலவிட வல்லவர். ஒவ்வொரு பண்ணையையும் கால்நடையாக அறிந்தவர். தொம்சனோ பல பள்ளத்தாக்குகளுக்குப் பொறுப்பானவர். சிறுசெலவுக்கும் குழுவின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியவர். கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். முன்னையது விரைவும் நுண்மையும் உடையது. ஆனால் ஒருவர் ஆயுளோடு முடிவது. பின்னையது மந்தமானது, ஆனால் தொடர்ந்து செல்வது. தொம்சனும் அப்பிரதேசத்தின்மேற் பற்றுடையவரே; ஏரி மாவட்டத்தில் நிதியத்தின் பணி பற்றி 1946ஆம் ஆண்டில் நூலொன்றும் எழுதினார்.

அம்மையாரே இவ்வுண்மையை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவரது மரணசாதனம் சான்று. 1943 டிசம்பர் 22ஆம் திகதி அவர் காலமானார். கணவர் 1945ஆம் ஆண்டில் இறந்தபின் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பண்ணைகளும் நிதியத்தை அடைந்தன. மலைப்பண்ணைகளிற் கலப்பில்லாத ஹேட்விக் மந்தைகளே தொடர்ந்து வளர்க்கப்பட வேண்டுமென அச்சாதனத்தில் விதித்திருந்தார். எந்த முறையை அவர் குறைகூறினாரோ அதே முறையிடமே தம் வாழ்நாள் உழைப்பை ஒப்படைத்தார். ஆயின் மந்தையின் வழிவந்த அறிவையும் நிபந்தனையாகச் சேர்த்து ஒப்படைத்தார்.

5. தலைமையகமும் பிராந்தியமும்

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் நிதியத்தின் கவனம் பிரபுக்களின் மாளிகைகளை நோக்கித் திரும்பியது. மரணவரியாற் குன்றிய நிலப்பிரபுக்கள் மாளிகையை நிதியத்துக்கு வழங்கி அங்கேயே வாழும் ஏற்பாட்டுக்கு 1937ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. மக்களுக்குத் திறந்தவெளி வேண்டுமென எழுந்த இயக்கம் மேட்டுக்குடியினரின் மாளிகைக் காப்பகமாக மாறுகிறதா என்னும் ஐயம் பலரிடம் தோன்றியது.

அவ்வையத்தை வெளிப்படையாக எழுப்பியவர் தாபகர் றோன்ஸ்லியின் பேரனான கொன்றட் றோன்ஸ்லி. 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடற்கரைப் பாதுகாப்பு நிதிப் பிரசாரத்தை நடத்திய அவர் தலைமையகத்தோடு முரண்பட்டுப் பதவி நீக்கப்பெற்றார். 1967 பெப்ரவரியில் அங்கத்தவரின் விசேட பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. சீர்திருத்தம் வேண்டியோரின் தீர்மானங்கள் அக்கூட்டத்திலே தோல்வியுற்றன. எனினும் எழுப்பிய வினாக்கள் அடங்கவில்லை. சேர் ஹென்றி பென்சன் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 1968ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. அதிகாரத்தைப் பிராந்தியங்களுக்குப் பகிர்ந்தளித்தல் அதன் விதப்புரைகளின் முக்கிய கூறாகும். 1971ஆம் ஆண்டின் சட்டம் நிருவாகச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தது. மங்க் கொனிஸ்ரனில் ஒரு முதிய பெண்மணி பெயரின்றிச் செய்த தொழில், ஒரு தலைமுறைக்குப் பின்னர் நிறுவனத்தின் முறையான உறுப்பாயிற்று.

பிராந்தியக் குழுக்களின் அன்றாடப் பணிக்கு மலைப்பாதைகளை எடுத்துக்காட்டலாம். மக்கள் அனுபவிப்பதற்கென்றே நிலம் காக்கப்பட்டது. அம்மக்களின் காலடியே மலைச்சரிவை அரித்தது. புல் தேய்ந்த இடத்தில் மழைநீர் ஓடி ஆழ்ந்த வடுக்களாகும். பாதைப் பணியாளர் கற்களைச் சரிவில் ஆழப் பதித்துப் படிபோல் அமைத்தும், குறுக்கு வடிகாலிட்டும் அவற்றைத் திருத்துகின்றனர். எட்டாத உயரங்களுக்குக் கற்களை ஹெலிகொப்ரரிற் கொண்டுசெல்கின்றனர். 2001ஆம் ஆண்டு முதல் நிதியமும் தேசியப் பூங்கா அதிகாரசபையும் பிறரும் கூட்டாக இதனை நடத்தி வருகின்றனர். ஓராண்டு திருத்திய பாதைக்கு மறு ஆண்டும் பராமரிப்பு வேண்டும், இப்பணிக்கு முடிவில்லை.

அதே 2001ஆம் ஆண்டிற் கால்வாய் நோய் பரவியபோது, கம்பிரியா மாவட்டத்திற் பெருந்தொகையான ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. இழந்த மந்தைக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். மலையெல்லையை அறிந்த ஆட்டை எச்சந்தையிலும் வாங்க முடியாது. மரணசாதனத்தில் அம்மையார் விதித்த நிபந்தனையின் பொருளை அவ்வாண்டு பலரும் உணர்ந்தனர்.

6. 2016: ஒரு பண்ணையின் விலை

இக்கட்டுரை எழுப்பும் வினா பழங்கதையன்று என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். பொறொடேல் பள்ளத்தாக்கிலுள்ள தோன்வெயிற் என்னும் பண்ணை 2016ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. வீடும் நிலமும் வெவ்வேறாக விற்கப்பட்டன. நிதியம் எதிர்பார்த்த விலைக்கும் மேலாக 950,000 பவுண் கொடுத்து, ஏறத்தாழ 300 ஏக்கர் நிலத்தை மாத்திரம் வாங்கியது. வீடு வேறொருவரை அடைந்தது. குடியானவர் வாழ்ந்த வீடு நிலத்திலிருந்து பிரிந்தால் அங்கே பண்ணை எவ்வாறு நிலைக்கும் எனப் பண்ணையாளர் வினவினர். எழுத்தாளர் மெல்வின் பிறாக் பத்திரிகை வாயிலாகக் கடுமையாகக் கண்டித்தார். முந்திய டிசம்பரிற் பெருவெள்ளத்தால் அப்பிரதேசம் துயருற்றிருந்தது. மேல்நிலத்தில் நீரைத் தேக்கவும் இயற்கைச் சூழலை மீட்கவும் நிலம் தேவை என்பது நிதியத்தின் விளக்கம்.

தேர்ள்மியரிற் போலவே இங்கும் இரு நியாயங்கள் எதிர்நின்றன. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. 1879ஆம் ஆண்டில் வெளியிலிருந்து வந்த மாநகரசபை குற்றஞ்சாட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டிற் குற்றஞ்சாட்டப்பட்டது காப்பதற்கெனத் தோன்றிய நிறுவனமே. அதன் அங்கத்தவர் தொகை இன்று 50 இலட்சத்துக்கு மேற்பட்டது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதன் உடைமை. பலம் பெருகியபோது, வாங்கும் முடிவுக்கும் வாழும் குடியானவருக்கும் இடையிலுள்ள தூரமும் பெருகியது. அத்தூரத்தைக் குறைத்தலே பிராந்தியத் தலைமையின் முதற் கடமை. மறு ஆண்டு, 2017இல், ஏரி மாவட்டம் பண்பாட்டு நிலக்காட்சி என்னும் வகையில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கையும் மேய்ப்பரின் உழைப்பும் சேர்ந்தே அந்நிலத்தைப் படைத்தன என்னும் உண்மை அவ்வாறு உலக அரங்கில் ஏற்கப்பட்டது.

7. முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கட்டங்கள் புலப்படும். முதலாவது, எதிர்ப்பின் கட்டம்: அது தேர்ள்மியரில் தோற்றது. இரண்டாவது, உடைமையின் கட்டம்: 1895, 1907ஆம் ஆண்டுகளில் அது வேலியை அமைத்தது. மூன்றாவது, பராமரிப்பின் கட்டம்: மங்க் கொனிஸ்ரனில் தொடங்கிய அது இன்றும் முடியவில்லை, முடியவும் மாட்டாது. முதலிரு கட்டங்களுக்கும் வீரர்கள் உளர். மூன்றாவது கட்டத்துக்குக் கணக்கேடும் கடிதக்கட்டும் மாத்திரமே உள. எனினும் நிலம் இன்றும் நிற்பது இம்மூன்றாவதன் பயனாகவே என்பதில் ஐயமில்லை.

ஈழத்து மாணவர் இவ்வரலாற்றைப் படிக்கும்போது மற்றொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். இங்கிலாந்திற் பொதுநிலத்தின்மேற் குடியானவருக்கிருந்த வழக்குரிமையை நீதிமன்றங்கள் ஏற்று வனங்களைக் காத்தன. அதே முடியின் ஆட்சி இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினூடாக, எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியனவே என்று அனுமானிக்க வகைசெய்தது. அங்கே விறகு வெட்டிய பழைய வழக்கம் உரிமைக்குச் சான்றாயிற்று. இங்கே சேனைப்பயிர் செய்த பழைய வழக்கம் பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்படவில்லை. அந்நிலங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றிற் பாடுபடத் தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். நிலத்தைப் பற்றிய சட்டம் எதுவாயினும், அதிலே வாழ்ந்து உழைப்போரைச் சட்டம் காண்கிறதா என்பதே அதனை அளக்கும் கோல்.

குளம் வெட்டிய மன்னனை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டைத் திருத்திய ஊரவரையும், அவர்களை ஒன்றுகூட்டி எந்த இடத்தில் மண் சரிகிறது என்று முன்னறிந்து காட்டியவரையும் தேடி எழுதுதல் எம் தலைமுறை வரலாற்று மாணவரின் கடமை. மங்க் கொனிஸ்ரன் கடிதக்கட்டைப் போல, எம் ஊர்க் கணக்கேடுகளிலும் அப்பெயர்கள் காத்திருத்தல் கூடும்.